எல்லாருக்கும் அறுபது

இந்த ஸ்டூல்ல உக்காருங்க சார். அந்தக் கல்லு ஈரம், எந்திரிக்கும்போது பேண்ட்டுல வட்டமாத் தெரியும். அவசரப்பட்டு என்ன ஆகப் போகுது, மரம் இப்போதைக்கு நகராது. தைலமரம் சார் அது. விழுந்தா ரோட்டுக்குக் குறுக்கதான் விழும், நெடுக விழுந்து நான் பாத்ததே இல்ல. ஃபாரஸ்ட்காரங்க ரம்பம் கொண்டாரணும். ரம்பத்துக்குப் பெட்ரோல் வேணும். பெட்ரோல் வச்சிருக்கிற வண்டியெல்லாம் மரத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது. நீங்க வண்டியை விட்டுட்டு ரெண்டு வளைவு நடந்து ஏறி வந்தீங்க பாருங்க, அதுதான் புத்தி.

நூடுல்ஸ்தானே? ஒரு பிளேட்டா? முட்டை ஒடைச்சு ஊத்தவா? சரி. விலையா? அது கெடக்கட்டும் சார், மொதல்ல சாப்பிடுங்க. விலை எங்க ஓடிப் போகுது.

எந்த ஊரு சார் நீங்க? சாத்தூரா. பெரியகுளம் பக்கம் யாரும் சொந்தம் கிடையாதே? இல்ல, சும்மாதான் கேட்டேன். வந்ததும் "கடையில வேற யாரும் இல்லையா"ன்னு கேட்டீங்கள்ல, அதான். எனக்கு இப்பல்லாம் யாரு என்ன கேட்டாலும் திக்குங்குது. பொண்ணு இருக்கா சார், ஜெனோவான்னு. ஜெனோன்னு கூப்பிடுவோம். கீழ போயிருக்கா. அந்த மரத்துகிட்டதான். நீங்க வரும்போது பாத்திருப்பீங்களே, சின்ன சிலிண்டர் அடுப்பைத் தோள்ல வச்சுக்கிட்டு ஒரு பொண்ணு எறங்கிப் போகல? அதான், அவதான். எவ்வளவுக்கு வித்துக்கிட்டு இருந்தா, காதுல விழுந்துச்சா?

அறுபதா. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் சார்.

இங்க வந்து எட்டிப் பாருங்க. இந்தத் தகரத்தைப் புடிச்சுக்கங்க, வழுக்கும். வளைவு வளைவா வண்டி நிக்குதா? வேன் எத்தனை, காரு எத்தனை. குளிரு இப்பிடி அடிக்குது, மூட்டம் எறங்கிருச்சு, பிள்ளைங்க பசிக்குதுன்னு அழுதுக்கிட்டு இருக்கும், வேற கடை கிடையாது. இந்த மூடுபாறையில நான் கடை போட்டு எத்தனையோ வருசம் ஆச்சு, இப்பிடி ஒரு நாள் எனக்கு வாச்சதில்ல. காத்துள்ளபோதே தூத்திக்கணும்பாங்க. காத்து இங்க ஆளையே தூக்குது, எம்பொண்ணு அங்க போயி அறுபது ரூபாய்க்கு வித்துக்கிட்டு இருக்கா. எனக்கு உக்கார முடியல சார். நின்னாலும் நிக்க முடியல.

அந்தத் துண்டா? அது காயட்டும்னு போட்டிருக்கேன். எடுக்காதீங்க, எடுக்க வேண்டாம்... எடுத்துட்டீங்களா. ஆமா, போர்டுதான். அவ எழுதுனது. "நூடுல்ஸ் 60 ரூபாய். எல்லாருக்கும்." அந்த "எல்லாருக்கும்" மட்டும் செவப்பு பெயிண்ட்டுல எழுதியிருக்கா பாருங்க. என் கண்ணைக் குத்தணும்னே எழுதுனது. துண்டைப் போட்டுருங்க சார்.

நீங்களே சொல்லுங்க, நூடுல்ஸ் விலை என்னன்னு கேட்டா ஒரே வார்த்தையில எப்பிடி சொல்றது? யாரு கேக்குறா, எப்பக் கேக்குறா, எதுல வந்து எறங்கிக் கேக்குறா, அதையெல்லாம் பாக்கணும்ல? பாக்கெட்டு மேல ஒரு விலை அடிச்சிருக்கான், அது பாக்கெட்டுக்கு. வெந்துட்டா அதுக்கு எம்.ஆர்.பி. கிடையாது.

நான் இங்க வரும்போது நூடுல்ஸ் எல்லாம் தெரியாது. அவிச்ச கடலை, சோளக்கருது, அதோட சரி. ஒரு தடவ மதுரை காலேஜ் பயலுக நாலஞ்சு பேர் வந்தானுக. பையிலருந்து மஞ்சப் பாக்கெட்டை எடுத்து, "அண்ணே, கொஞ்சம் வெந்நி வச்சுக் குடுங்க"ன்னானுக. வச்சுக் குடுத்தேன். அஞ்சு ரூபா குடுத்தானுக. நூடுல்ஸ் அவங்களோடது, வெந்நி என்னோடது. வெந்நிக்கு அஞ்சு ரூபா சார்! ஊத்துத் தண்ணி, சும்மா வர்ற சுள்ளி. அன்னிக்குத்தான் எனக்குக் கண்ணு தொறந்துச்சு. மறுவாரமே வத்தலக்குண்டு போயி ஒரு பெட்டி எடுத்துட்டு வந்துட்டேன். பாக்கெட் ஏழு ரூபா, பிளேட்டு பதினஞ்சு. அப்புறம் பாக்கெட் பத்தாச்சு, பிளேட்டு இருபத்தஞ்சு. அப்புறம் பாருங்க, பாக்கெட் விலை ஏறவே இல்ல. பரவாயில்லையேன்னு நெனச்சேன். பாக்கெட்டுக்குள்ள இருக்கிற நூடுல்ஸ் வில்லையை ஒடைக்கும்போது கைக்குத் தெரிஞ்சிருச்சு, சின்னதாகிட்டே வருது. நான் விலையை ஏத்துறேன், அவன் வில்லையைக் கொறைக்கிறான். அவனை யாராவது கேட்டாங்களா? இந்தச் சவரிமுத்துவைத்தான் கேப்பாங்க.

ஊரடங்கு வந்துச்சே, அப்ப ஒரு வண்டி கிடையாது. ரோட்டுல காட்டுமாடு படுத்துக் கெடந்துச்சு. பெட்டி பெட்டியா நூடுல்ஸ் வாங்கி வச்சிருந்தேன், நாங்களே தின்னோம். காலையில நூடுல்ஸ், மத்தியானம் நூடுல்ஸ். எம்பொண்டாட்டி லூர்து அதுல புளி ஊத்திக் கொழம்பே வச்சிட்டா. அந்தக் கசப்பெல்லாம் யாரு கணக்குல வைக்கிறது? அப்புறம் ஊரடங்கு எடுத்து, மொத வண்டி வந்து நின்னுச்சு பாருங்க, பெங்களூர் வண்டி, அவங்ககிட்ட நூறு ரூபா சொன்னேன். சொல்லும்போது நாக்கு கூசுச்சு. அவங்க பேசாம எடுத்துக் குடுத்தாங்க. அதோட நாக்கு சரியாப் போச்சு.

அப்புறம் எனக்குன்னு ஒரு முறை வந்துருச்சு சார். எங்க ஊர் ஆளுன்னா நாப்பது. தமிழ்நாட்டு நம்பர் வண்டின்னா எழுபது. கேரளா, கர்நாடகான்னா நூறு. புதுசாக் கல்யாணம் ஆன ஜோடின்னா நூத்தி இருபது, புதுப் பொண்டாட்டி முன்னால எவன் பேரம் பேசுவான்? பிள்ளை அழுதா பத்து சேத்துக்கலாம். மூட்டம் எறங்கிட்டா இருபது சேத்துக்கலாம். வெயில்ல சொல்ற விலையை மூட்டத்துலயும் சொன்னா அது தொழிலுக்குப் பண்ற பாவம்.

வயித்துக்காக இல்ல சார். இந்தா பாருங்க, ரெண்டு டப்பா. இந்த பிஸ்கட் டப்பால நாப்பது ரூபா போடுவேன், அது வீட்டுக்கு, அரிசிக்கு, கேஸுக்கு. நாப்பதுக்கு மேல எவ்வளவு வந்தாலும் இந்த பால்பவுடர் டப்பால. இது ஜெனோ கல்யாணத்துக்கு. இது தெரியாம அவ போர்டு எழுதுறா. அறுபதுன்னா இதுல என்னத்தைப் போடுறது? எங்க ஊர்க்காரனுக்கும் இருபது ரூபா கூடிப் போச்சு, அவனும் என்னையத் திட்டிட்டுப் போறான். எல்லாருக்கும் ஒரே விலைன்னா எல்லாருக்கும் கோவம், இதுதான் கண்ட பலன்.

இருங்க, அது ரம்பச் சத்தமா? இல்ல, பைக்கு.

சாப்பிடுங்க சார், ஆறிரும். காரம் போதுமா? விலையைப் பத்தி யோசிக்காதீங்க. உங்ககிட்ட நான் காசு வாங்கப் போறதில்ல. ஏன்னா கேக்குறீங்க? சாத்தூருதான்னு நீங்க சொல்றீங்க, நான் நம்புறேன். ஆனா வேவு பாக்க வர்றவரு பெரியகுளம்னா சொல்லுவாரு? அவரும் சாத்தூருன்னுதான் சொல்லுவாரு.

நடந்ததைச் சொல்லிடுறேன். சொன்னாத்தான் எம்மேல தப்பு இல்லன்னு உங்களுக்கு வெளங்கும்.

போன சீசன்ல ஒரு சம்பந்தம் வந்துச்சு. வத்தலக்குண்டு. நம்ம கோயில்காரங்கதான், மாப்பிள்ளை வெல்டிங் பட்டறை வச்சிருக்காரு. தரகர் மரியசெல்வம் கொண்டாந்தான். ரெண்டு பக்கமும் போட்டோ குடுத்து வாங்கிட்டோம், எல்லாம் புடிச்சிருச்சு. ஜெனோவும் மாப்பிள்ளை போட்டோவை ஜெபப் புத்தகத்துக்குள்ள வச்சுக்கிட்டா, நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துக்கிட்டேன். "ஒரு நாள் முறைப்படி வந்து பாக்குறோம்"னு சொல்லி விட்டிருந்தாங்க. முறைப்படின்னா என்ன சார்? சொல்லிட்டு வர்றதுதானே? ஆனா இந்த மனுசங்க என்ன பண்ணுவாங்க, முறைப்படி வர்றதுக்கு முன்னால திருட்டுத்தனமா ஒரு தடவ வருவாங்க. குடும்பம் எப்பிடி, பொண்ணு எப்பிடி நடக்குறா, அப்பன் குடிக்கிறானான்னு பாக்க. தண்ணி குடிக்கிற மாதிரி ஒரு வீட்டுக்குப் போவாங்க, கடை வச்சிருந்தா சாமான் வாங்குற மாதிரி வருவாங்க. நானே எங்க அண்ணன் மகளுக்கு அப்பிடிப் போயிருக்கேன். அது வேற.

ஒரு நாள் காரு வந்து நிக்குது. கேரளா நம்பர். எறங்குறாரு ஒருத்தரு, குரங்குக் குல்லா, கழுத்துல மப்ளரு, மூஞ்சியில மூக்கு மட்டும்தான் வெளிய இருக்கு. கூட ஒரு அம்மா. அவரு வாயே தொறக்கல. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் சார் அவரு! கம்பத்துல எவன்கிட்டயோ பழைய வண்டியா வாங்கியிருக்காரு, நம்பரை மாத்தல. நம்பரை மாத்தாம ஓட்டுறது அவரு தப்பா, எந்தப்பா?

ரெண்டு பிளேட்டு. மூட்டம் வேற. பிளேட்டுக்கு நூத்தி இருபது சொன்னேன். அந்தம்மா கேட்டாங்க, "ஏங்க, கீழ நாப்பது ரூபாதானே?" கேக்குறவங்களுக்குன்னு நான் மூணு காரணம் வச்சிருக்கேன் சார். வரிசையா. மொதக் காரணம் சிலிண்டரு, "கழுதை மேல ஏத்திக் கொண்டு வர்றோம்மா". பாதிப் பேர் அதுலயே அடங்கிருவாங்க. அந்தம்மா அடங்கல. ரெண்டாவது தண்ணி, "ஊத்து வத்திப் போச்சு, ஒரு மைல் நடந்து தலைச்சுமையா எடுத்துட்டு வர்றோம்". அதுக்கும் மசியல. "ஊத்துச் சத்தம் இங்கயே கேக்குதே"ன்னாங்க. அப்பிடி ஒரு பொம்பள. அப்புறம்தான் மூணாவது. அதை நான் எல்லாருகிட்டயும் எடுக்கிறது கிடையாது.

மூணாவது என்னன்னா, "வீட்ல ஒரே பொண்ணும்மா. பொறந்ததுலருந்து இதயத்துல ஓட்டை. மருந்துக்கே சம்பாத்தியம் சரியாப் போகுது."

மொறைக்காதீங்க சார். யாபாரத்துல சொல்றதுதான். துணிக்கடைக்காரன் "அசலுக்கே தர்றேன்"னு சொல்லலையா? அவன் அசலுக்கா தர்றான்? நான் சொல்லும்போது மனசுக்குள்ள மாதாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்குவேன். "இது வாயிலருந்து வர்றது, நெஞ்சுலருந்து இல்ல, பிள்ளைமேல பட்டுறாம பாத்துக்க"ன்னு. ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கேன்.

அந்தம்மா கரண்டியை வச்சுட்டாங்க. மாமனும் அந்தம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ஆஹா, பலிச்சிருச்சுன்னு நெனச்சேன். அந்த நேரம் பாத்து ஜெனோ வர்றா. ஊத்துலருந்து. இடுப்புல ஒரு குடம், கையில ஒரு குடம், மேட்டுல மூச்சு வாங்காம ஏறி வர்றா. "யாருங்க இந்தப் பொண்ணு?"ன்னு அந்தம்மா கேக்குறாங்க. பொண்ணுன்னு சொல்ல முடியுமா? இதயத்துல ஓட்டை இருக்கவ ரெண்டு குடம் தூக்குவாளா? டக்குனு சொன்னேன், "வேலைக்கு வர்ற பொண்ணும்மா." எப்பிடி சமாளிச்சேன் பாருங்க! ஜெனோ காதுல விழல. விழுந்திருக்காது.

மீதியை வாங்காமலே போயிட்டாங்க. பால்பவுடர் டப்பா அன்னிக்குக் கனத்துச்சு. ராத்திரி லூர்துகிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன், ஒரு மூக்கு மட்டும் வந்து பிளேட்டுக்கு நூத்தி இருபது குடுத்துட்டுப் போச்சுன்னு.

கொஞ்ச நாள் கழிச்சு மரியசெல்வம் வந்து குதிக்கிறான். "யோவ், நோயாளிப் பொண்ணை மறைச்சுத் தலையில கட்டப் பாத்தியான்னு என் வீட்டு வாசல்ல வந்து கத்துறாங்கய்யா. போட்டோவுல இருக்கிறது வேலைக்காரப் பொண்ணாம். சொந்தப் பொண்ணு உள்ள படுத்த படுக்கையாம். வேற பிள்ளை போட்டோவைக் காட்டி ஏமாத்துறியான்னு கேக்குறாங்க. நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க."  ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்கிறாங்க. நான் ஒரே ஒரு பொய் சொன்னேன் சார், கல்யாணம் நின்னு போச்சு.

யோசிச்சுப் பாருங்க. அந்தம்மா மொதக் காரணத்தோட நின்னிருந்தா? ரெண்டாவதோடயாவது நின்னிருந்தா? மூணாவது வரைக்கும் என்னைய இழுத்துட்டுப் போனது யாரு? நாப்பது ரூபா, நாப்பது ரூபான்னு. இப்பிடிக் கணக்குப் பாக்குற குடும்பத்துல எம்பொண்ணு எப்பிடிப் பொழைப்பா? அதை நெனச்சாலே, நின்னதும் நல்லதுக்குத்தான்னு தோணும். சில நேரம் தோணும்.

ஜெனோவுக்கு இந்த மூணாவது காரணம் தெரியாது. மரியசெல்வத்தைக் கையெடுத்துக் கும்பிட்டேன், "பொண்ணுகிட்ட விலையை மட்டும் சொல்லுய்யா"ன்னு. அவனும் அப்பிடியே சொன்னான், "உங்கப்பன் அவங்ககிட்டப் போயி பிளேட்டுக்கு நூத்தி இருபது வாங்கிட்டான்மா, பேராசை புடிச்ச குடும்பம்னு விட்டுட்டாங்க." அவ ஜெபப் புத்தகத்தைத் தொறந்தா. அந்தப் போட்டோவைத் திருப்பி அவன் கையில குடுத்தா. மறுநாள் டவுனுக்குப் போயி பெயிண்ட் வாங்கிட்டு வந்து இந்த போர்டை எழுதுனா. நான் கழட்டுனா அவ மாட்டுறா. நான் துண்டைப் போட்டா அவ எடுக்குறா. இதுதான் எங்க வீட்டுல இப்ப பேச்சுவார்த்தை.

பொண்ணை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி இதயத்துல ஒண்ணுமில்லன்னு ஒரு சீட்டு வாங்கிட்டு வா, நான் போயிப் பேசுறேன்னு மரியசெல்வம் சொன்னான். நல்ல யோசனைதான். ஆனா எதுக்கு டாக்டருன்னு ஜெனோ கேப்பாளே? என்ன சொல்ல?

பேச்சு மட்டும் மலையை விட்டு எறங்கிருச்சு சார். விலைதான் மேல ஏறும், பேச்சு கீழ உருளும். அப்புறம் ஒருத்தன் வரல. இப்ப பெரியகுளத்துலருந்து ஒரு சம்பந்தம், ரொம்ப நாள் கழிச்சு. "வந்து பாக்குறோம்"னு சொல்லியிருக்காங்க. எப்பன்னு சொல்லல. அப்ப வேவு பாக்கத்தான் மொதல்ல வருவாங்க. இன்னிக்கு லீவு நாளு. இந்த வண்டிகள்ல எதுலயோ இருக்காங்கன்னு எனக்குத் தோணுது. எதுல? கேரளா நம்பரைக்கூட நம்ப முடியல. இத்தனை வண்டி, இவ்வளவு மூட்டம், நான் இருநூறு சொன்னாலும் வாங்குவாங்க. யாருகிட்டச் சொல்ல? எவனைப் பாத்தாலும் சம்பந்தி மாதிரியே தெரியுது.

அதனாலதான் உங்ககிட்டச் சொல்றேன். நீங்க சாத்தூராவே இருங்க. ஆனா ஒருவேளை பெரியகுளத்துல யாரையாவது தெரிஞ்சா சொல்லுங்க. அந்தப் பொண்ணு அடுப்பைத் தோள்ல வச்சுக்கிட்டு எறங்குனதை எங்கண்ணால பாத்தேன்னு சொல்லுங்க.

அந்தா வர்றா. ஜெனோதான், அந்த நீல ஸ்வெட்டர். அடுப்பு தோள்ல இருக்கு பாருங்க. எல்லாம் வித்துட்டா போல, பை காலியா ஆடுது. கூட யாரு சார்? ஒரு அம்மா. ஜெனோ கையைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுப் பேசிட்டு வர்றாங்க. சார், பெரியகுளமா இருக்குமோ? மாதாவே. நான் வாயே தொறக்க மாட்டேன். நீங்களும் நான் சொன்னதை மறந்துருங்க. துண்டு... துண்டு கெடக்கட்டும், இப்ப எடுத்தாத் தெரிஞ்சுரும்.

வாங்கம்மா, வாங்க. இப்பிடி உக்காருங்க, அந்தக் கல்லு ஈரம். எந்த ஊரும்மா? கோயம்புத்தூரா? பெரியகுளம் இல்லையா? சரி சரி, கோயம்புத்தூரும் நல்ல ஊருதான். சூடா ஒரு பிளேட்டு போடவா?

என்னையத் தெரியுமா? நாலு வருசம் முன்னால வந்தீங்களா. அப்பிடியாம்மா? தினம் நூறு பேர் வர்றாங்க, எனக்கு மொகம் நிக்காது. என்னது? ஐநூறு ரூபாயா? நீங்க எனக்குக் குடுத்தீங்களா? இருக்காதும்மா. வேற கடையா இருக்கும். அந்தப் பக்கம் ஒருத்தன் இருக்கான், என்னைய மாதிரியே இருப்பான்.

ஜெனோ, நீ போயி ஊத்துல தண்ணி எடுத்துட்டு வாம்மா. குடம் நெறைய இருந்தா என்ன? இன்னொரு குடம் எடுத்துட்டு வா. போம்மா. ஏம்மா நிக்கிற?

இல்லம்மா, நீங்க சாப்பிடுங்க, பழைய கதை எதுக்கு. இதயத்துல ஓட்டைன்னு... நானாம்மா சொன்னேன்? ஆபரேசனுக்குன்னு குடுத்தீங்களா. வேளாங்கண்ணிக்குப் போறப்பல்லாம் எம்பொண்ணு பேரைச் சொல்லி மெழுகுவத்தி ஏத்துனீங்களா. பேரு தெரியாம, "மலையில ஒரு பொண்ணு"ன்னு சொல்லி ஏத்துனீங்களா.

சார், தண்ணி இந்தப் பக்கம் நகட்டுங்க. 

அந்தப் பொண்ணு இவதானான்னு கேக்குறீங்களா? ஆமாம்மா. இவதான். எம்பொண்ணு இவதான். நல்லாயிருச்சும்மா. உங்க வேண்டுதல்தான். இப்ப அடுப்பைத் தூக்கிக்கிட்டு மலை ஏறுறா பாருங்க. மாதா புண்ணியம். அழாதீங்கம்மா, எதுக்கு அழுறீங்க, கண்ணைத் தொடைங்க. அந்தா, ரம்பச் சத்தம் கேக்குது. மரத்தை அறுக்குறாங்க, உங்க வேன் கெளம்பிரப் போகுது. போங்கம்மா, நல்லாப் போயிட்டு வாங்க. காசெல்லாம் வேண்டாம். பாத்துப் போங்க, வழுக்கும்.

சமாளிச்சிட்டேன்ல சார்?

என்ன ஜெனோ? எனக்கு எப்பப்பா நோய் வந்துச்சுன்னு கேக்குறா. எப்பன்னா... அந்தம்மாவுக்கு ஞாபகப் பிசகும்மா. வயசாகிப் போச்சு.

வத்தலக்குண்டுக்காரங்ககிட்டயும் இதைத்தான் சொன்னியாங்கிறா.

பாப்பா, நீ உக்காரு. அந்த வத்தலக்குண்டுப் பொம்பள ரெண்டு காரணத்துக்கு மசியல. மூணாவது சொல்ற மாதிரி ஆயிருச்சு. யாருக்காகச் சொன்னேன்? எனக்காகவா? இந்த டப்பாவை எடுத்துப் பாரு, எவ்வளவு கனம்னு தூக்கிப் பாரு. இதுல ஒரு ரூபா நான் எடுத்திருந்தா என்னையக் கேளு. எல்லாம் உனக்குத்தான் சேத்தேன். உங்காதுல விழுந்துச்சா அன்னிக்கு? வேலைக்கு வர்ற பொண்ணுன்னு சொன்னது? விழுந்துச்சா. அப்பயே ஏம்மா கேக்கல? யாபாரத்துக்குச் சொல்றேன்னு நெனச்சுக்கிட்டியா. ஆமாம்மா, யாபாரத்துக்குத்தான் சொன்னேன்.

சரி. சரிம்மா. இரு, இந்தா போட்டுத் தர்றேன்.

ஒரு பிளேட்டு நூடுல்ஸ் குடுங்கிறா சார். பசி, வேற ஒண்ணுமில்ல. காலையிலருந்து வெறும் வயிறு, ஊருக்கெல்லாம் வேக வச்சுக் குடுத்துட்டு அவ ஒரு வாய் திங்கல. நான் என்னமோன்னு பயந்துட்டேன். பிள்ளைங்க கோவம் பசி மாதிரிதான் சார், வயித்துக்குள்ள ஏதாவது போனா அடங்கிரும். ரெண்டு முட்டை போடுறேன் பாப்பா. மிளகுத்தூள் தூக்கலா. உனக்குப் புடிச்ச மாதிரி கொழகொழன்னு இல்லாம எடுத்துர்றேன்.

சாப்பிடு.

மரத்தை எடுத்துட்டாங்க சார். வண்டியெல்லாம் ஏறுது பாருங்க. ஒருத்தன் நிக்கல. நின்னு நின்னு அலுத்துப் போயிருப்பாங்க, இனி எங்கயும் நிக்க மாட்டாங்க. உங்க வண்டி ரெண்டு வளைவு கீழதானே நிக்குது? வழியை மறிச்சுக்கிட்டு இல்லையே? போகலாம் சார், ஒரு நிமிசம் இருங்க. அவ சாப்பிட்டு முடிச்சிறட்டும். நீங்க இருந்தா அவ அழ மாட்டா.

அழல. சாப்பிட்டா. தட்டை அவளே கழுவி வச்சுட்டா. துண்டை எடுத்து மடிச்சு வைக்கிறா. எங்கம்மா போற? அம்மாகிட்டயா? அம்மா கேரட் கழுவுற எடத்துல இருக்காம்மா, சாயந்திரம் வந்துருவா, வீட்டுல வச்சு... ஜெனோ. ஏய் ஜெனோ. இது என்னது?

சார், இங்க வாங்க. பாத்தீங்களா? தட்டுப் பக்கத்துல, உப்பு டப்பாவுக்கு அடியில காசு வச்சுட்டுப் போயிருக்கா. அம்பது ரூபா நோட்டு ஒண்ணு, பத்து ரூபா நோட்டு ஒண்ணு. பெத்த பொண்ணு சார். அப்பன் கடையில தின்னுட்டு போர்டு விலை வச்சுட்டுப் போறா. கூப்பிடுறேன், திரும்பிப் பாக்க மாட்டேங்குறா. எப்பிடி நடக்குறா பாருங்க, அந்த மேட்டுல, ஒரு மூச்சு வாங்குதா?

நீங்க பெரியகுளமா இருந்திருக்கலாம் சார்.

போறதுக்கு முன்னால இதை மட்டும் சொல்லிட்டுப் போங்க. நாப்பது வீட்டுக்கு, மேல வர்றது அவ கல்யாணத்துக்கு. இதுதான் என் முறை. இந்த அறுபதை நான் எந்த டப்பாவுல சார் போடுறது?